கொடுத்த கை

1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. அமெரிக்காவின் நன்றித் திருநாளான ‘தேங்ஸ்கிவிங்’ வழக்கப்படி கடைசி வியாழனான 30-ஆம் தேதி. அது கழிந்த பிறகுதான் கிறிஸ்துமஸ் வியாபாரம் களைகட்டும். மிஞ்சும் நாட்கள் போதாது என்று பெரிய கடைக்காரர்கள் முறையிட்டார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பண்டிகையை 23-ஆம் தேதிக்கு முன்தள்ளினார். மாநிலங்கள் இரண்டுபட்டன, டெக்சாஸ் இரண்டு நாளும் விடுமுறை விட்டது. 1941 டிசம்பரில் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்த பிறகே குழப்பம் தீர்ந்தது.

நன்றி சொல்லும் நாளையே கடைக்கணக்குக்காக நகர்த்தியது எனக்கு உறுத்துகிறது. 1863-இல் லிங்கன் இந்த நாளை அறிவித்தபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கெட்டிஸ்பர்க் களத்தில் ஆயிரக்கணக்கானோர் மடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விளைச்சலுக்கு நன்றி சொல்லச் சொன்ன அதே அறிவிப்பு, விதவைகளுக்காகவும் அநாதைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளவும் சொன்னது. தனக்கு வாய்த்ததை எண்ணும்போதே, வாய்க்காதவர்களையும் எண்ணச் சொன்ன நாள் அது.

அதற்காக வாங்குவதே தவறு என்று சொல்ல மாட்டேன். திருநாளுக்கு மறுநாள் ‘பிளாக் ஃபிரைடே’ தள்ளுபடிக்காகக் குளிரில் பாதிராத்திரியிலிருந்து வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு முழு விலை கட்டுப்படியாகாது. பாதி விலையில் பிள்ளைக்கு ஒரு குளிர்கோட்டு வாங்கிவிட்ட தாயின் நிம்மதியில் உண்மையான நன்றி இருக்கிறது.

ஆனால் 2008-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நடந்ததை நினைத்தால் மனம் ஆறவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கவேண்டிய கடையின் கதவைச் சுமார் 2,000 பேர் நெருக்கித் தள்ளினார்கள். கதவு பெயர்ந்தது, வாசலில் நின்ற தற்காலிக ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். தள்ளியவர்கள் கொடியவர்கள் அல்லர். முந்தைய நாள் வீட்டில் எல்லாருமாய் வான்கோழி விருந்துக்கு உட்கார்ந்து நன்றி சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். உள்ளே அடுக்கியிருந்த டிவியின் மேல் வைத்த கண்ணுக்கு வாசலில் நின்ற மனிதர் தெரியவில்லை. பொருள் கிடைத்தால் மகிழ்ச்சி வரும். அதைக் கையில் சேர்ப்பவரின் முகமும் தெரியும்போதுதான் அது நன்றியாகிறது. அவசரம் முதலில் மறைப்பது அந்த முகத்தைத்தான்.

பின்னாளில் பல கடைகள் வியாழன் மாலையே திறந்தன. ஊழியர்கள் விருந்தைப் பாதியில் விட்டுக் கல்லாவுக்குப் போனார்கள். கொரோனா வந்த 2020-இல் பெரிய நிறுவனங்கள் அன்று கதவடைத்தன. சில அதையே வழக்கமாக்கிக்கொண்டன. மாசசூசெட்ஸில் பெரும்பாலான கடைகள் அன்று திறக்கக்கூடாது என்ற பழைய சட்டம் இன்றும் இருக்கிறது. மற்ற மாநிலங்களும் அதைக் கொண்டுவர வேண்டும். கல்லாவில் நிற்பவரும் கிடங்கில் மூட்டை இறக்குபவரும் அந்த ஒரு மாலையாவது வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம்.