கதைக்காக வேலைநிறுத்தமா?



விரும்பிப் பார்த்துவரும் தொலைக்காட்சித் தொடர் ஒன்று நின்றுவிட்டால் வருத்தம் உண்டாவது இயல்பு. ஆனால், "நிறுத்தக்கூடாது, மேலும் காட்டு" என்று கேட்க நமக்கு உரிமை உண்டா? பார்ப்பவன் விருந்தாளி. பந்தியில் அமர்ந்தவன், இன்னும் ஒரு கறி சமைத்து வா என்று அதிகாரம் செய்யலாமா? இதைச் சற்று சிந்திப்போம்.

அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்ற தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ரசிகர்கள் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். 1968-ல் தொடருக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1969-ல் முடிவாக நின்றது. அவர்கள் கேட்டது மகிழ்ச்சி. கொடுத்த விலை ஒரு தபால்தலை. அதில் குற்றமும் இல்லை, பெரிய தியாகமும் இல்லை.

நம் நாட்டில் நடந்தது வேறு விதம். இராமானந்த சாகர் எடுத்த 'இராமாயண்' தொடரைத் தூர்தர்ஷன் 1987 ஜனவரி முதல் ஞாயிறுதோறும் காட்டியது. இராமேஸ்வரக் கரையில் வாழும் நமக்கு அந்தக் கதையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1988 ஜூலை 31-ல் பட்டாபிஷேகத்தோடு தொடர் முடிந்தது. பஞ்சாபில் ஜலந்தர் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களோ, "உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும்" என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வட இந்தியாவில் வேறு நகரங்களுக்கும் பரவியது. குப்பை குவிந்தது. கடைசியில் சர்க்கார் இணங்கியது. மீதிக் கதையும் படமாயிற்று.

ஒரு கதைக்காகவா ஊரை நாற வைப்பது என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைக் கேளுங்கள். அந்தத் தொழிலாளர்களில் பலர் வால்மீகி முனிவரைத் தங்கள் குலகுருவாகப் போற்றுகிறவர்கள். வால்மீகி என்ற பெயரையே தங்கள் சமூகத்துக்குச் சூட்டிக்கொண்டவர்கள். கைவிடப்பட்ட சீதைக்கு அடைக்கலம் கொடுத்து, அவள் பிள்ளைகள் இருவரையும் தம் ஆசிரமத்தில் வளர்த்தவர் அந்த முனிவர். அது வருவது உத்தர காண்டத்தில்தான். கதை பட்டாபிஷேகத்தோடு நின்றால், நாடே பார்க்கும் திரையில் அவர்களுடைய பெரியவருக்கு இடம் இல்லை. அவர்கள் கேட்டது பொழுதுபோக்கு அன்று, மானம்.

"கேட்டது நியாயமாகவே இருக்கட்டும். வீதியில் நடப்போரும் நோயாளிகளும் குழந்தைகளும் என்ன பாவம் செய்தார்கள்?" என்பது அடுத்த கேள்வி. அது தள்ளிவிடக்கூடியது அன்று. குற்றமற்றவனுக்கு வரும் துன்பத்தை, நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், துன்பம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இன்னொன்றையும் எண்ண வேண்டும். விண்ணப்பம் எழுதியிருக்கலாமே என்கிறோம். துடைப்பம் பிடித்தவன் எழுதும் விண்ணப்பத்தை எந்த அலுவலகம் பிரித்துப் பார்க்கும்? துடைப்பத்தைக் கீழே வைத்த பிறகுதானே அவன் இருப்பதே ஊருக்குத் தெரிந்தது! ஆகவே அந்தக் குப்பைமேட்டில் அவன் பங்கு பாதியானால், காது கொடுக்காத ஊரின் பங்கும் பாதி.

பிறகு என்ன ஆயிற்று? கதை தொடர்ந்தது. குப்பையை அள்ளியவை அதே கைகள்தாம்.

நம் ஊரைப் பாருங்கள். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் கழிந்த மறுநாள், அக்கினி தீர்த்தக் கரையில் யாத்திரிகர் விட்டுச் சென்ற துணியையும் இலையையும் பொறுக்குகிறவர் யார்? தெருவில் தினமும் பார்க்கும் அந்த மனிதரின் பெயர் உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொடரில் வரும் பாத்திரங்களின் பெயரெல்லாம் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்!

ஆகையால் ஒருவர் கூக்குரலிடும்போது, "இதற்கா இவ்வளவு?" என்று நகைக்குமுன், அந்தச் சிறு கோரிக்கைக்குள் எந்தப் பெரிய பசி ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். துடைப்பம் கீழே விழும்வரை காத்திராமல் முன்னமே காது கொடுப்பதுதான் நீதி. இந்த வாரம் உங்கள் தெருவைக் கூட்டுகிறவரிடம் பெயரைக் கேளுங்கள். மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.