வானத்து மதுசாரம்

"சேர், வானத்திலயும் சாராயம் இருக்காமே, அதுவும் ஹராமா?" என்று பத்தாம் தர மாணவி ஒருத்தி கேட்டபோது வகுப்பே சிரித்தது. சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. ஹராம் என்பது பொருளில் இருக்கிறதா, மனிதனின் செயலில் இருக்கிறதா என்று நமது இமாம்கள் விவாதித்ததன் ஒரு நுனி அதற்குள் இருக்கிறது.

வானத்தில் மதுசாரம் இருப்பது உண்மைதான். பெரும் விண்மீன்கள் பிறக்கும் வாயு முகில்களில் அது உண்டு. தனு இராசித் திசையில், நமது பால்வீதியின் மையத்துக்கு அருகிலுள்ள சஜிற்றேரியஸ் பி2 என்ற முகிலில் 1975இல் எதனோல் கண்டறியப்பட்டது. சுமார் 1350 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் முகிலிலும் அது இருக்கிறது. சுழலும் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கேயுரிய அதிர்வெண்களில் வானொலி அலைகளை வெளிவிடும். அதைக்கொண்டே இன்னது இருக்கிறது என்கிறார்கள்.

அங்கே நொதியமும் இல்லை, திராட்சையும் இல்லை. விண்மீன் பிறக்குமுன் முகிலின் குளிர் ஏறத்தாழ மறை 263 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் காபனோரொட்சைட்டு தூசுத் துணிக்கைகளில் பனியாக உறைகிறது. ஐதரசன் அணுக்கள் ஒவ்வொன்றாய் வந்து ஒட்ட, அது மெதனோலாகிறது. எதனோலும் இத்தகைய பனியிலேயே உருவாவதாகக் கருதுகிறார்கள். பின்பு விண்மீன் சூடேறி, தூசு மறை 173 பாகையளவுக்கு வந்ததும் பனி முழுவதும் ஆவியாகி வெளியே கொட்டுகிறது. இவ்வளவும் நடக்கும் முகிலின் மிக அடர்ந்த பகுதிகூட நாம் சுவாசிக்கும் காற்றைவிடச் சுமார் இலட்சம் கோடி மடங்கு ஐதானது. அதைக் குடித்து எவரும் வெறிக்க முடியாது!

(குர்ஆன் கூறும் 'துகான்' இந்த முகில்தான் என்று உடனே எழுதக் கிளம்பும் நண்பர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. நாளை விஞ்ஞானம் மாறினால் வசனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?)

உஸூல் அறிஞர்கள் ஹுக்மை வரையறுக்கும்போது அது முகல்லபின், அதாவது பொறுப்புச் சுமத்தப்பட்டவரின், செயல்களோடு தொடர்புடையது என்கிறார்கள். அப்படியானால் ஓரியனின் எதனோலுக்கு ஹுக்மே இல்லை. அங்கே குடிப்பவனும் இல்லை, விற்பவனும் இல்லை. ஆனால் விடயம் அத்தோடு முடியவில்லை. பெரும்பாலான ஃபுகஹாக்கள், நமது ஷாபிஈ மத்ஹப் உட்பட, மதுவை நஜீஸ் என்றே கொண்டார்கள். இமாம் மாலிக்கின் ஆசிரியரான ரபீஆவோ அதன் பொருள் சுத்தமானது, குடிப்பதே ஹராம் என்றார். எனது மனம் ரபீஆவின் பக்கம் சாய்கிறது. மத்ஹபை விட்டுவிடச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் சாய்கிறது என்றால், குற்றத்தைப் பொருளின்மேல் ஏற்றிவிட்டால் மனிதனுக்கு வசதியாகிவிடுகிறது. 2020இல், கொரோனாக் காலத்தில், பள்ளிவாசலில் கைக்குப் பூச வைத்த திரவத்தில் மதுசாரம் உண்டென்று தயங்கியவர்களைக் கண்டேன். பேணுதல் நல்லதுதான். அத்தர்ப் போத்தலின் லேபலை ஒருவர் உற்று வாசிப்பதையும் குறை சொல்ல மாட்டேன். அதே கண்ணால் தனது தராசுத் தட்டையும், வட்டிக்குக் கொடுத்த கணக்கையும் அவர் வாசிக்கிறாரா என்பதே எனது கேள்வி. தராசின் இரும்பு ஹலால்தான்.

வினாகிரி விடயத்தில் ஷாபிஈ அறிஞர்கள் சொன்னது இங்கே கவனிக்கத்தக்கது. மது தானாகவே வினாகிரியானால் சுத்தம். ஒருவர் எதையாவது போட்டு மாற்றினால் சுத்தமில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே அசற்றிக் அமிலம். வேறுபாடு இடையில் புகுந்த கை மட்டுமே. அந்த அமிலமும் 1997இல் சஜிற்றேரியஸ் பி2இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே எவரும் எதையும் போடவில்லை.