மருந்து வேரும் ஓரறிவுயிரும்

பணியின் பொருட்டுச் சில ஆண்டுகள் இராஜபாளையத்தில் வாழ நேர்ந்தது. ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் மலை. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துச் செண்பகத்தோப்பு. 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்ற காடு அது. மருந்துச் செடிகளுக்கும் பெயர் பெற்றது.

நாவல் மரத்தடியில் நின்ற ஆறு பேர் கதையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். மரத்தை வேரோடு சாய்க்க எண்ணியவன் கிருஷ்ண லேசியை உடையவன்; உதிர்ந்த கனியே போதும் என்றவன் சுக்கில லேசியை உடையவன். கடுக்காய்க்கும் தான்றிக்காய்க்கும் இக்கதை இடர் செய்வதில்லை. உதிர்ந்தவற்றைப் பொறுக்கிக் கொள்ளலாம். சிறுகுறிஞ்சானில் சில இலைகளைக் கொய்தால் கொடி மீண்டும் தழைக்கும். நன்னாரியோ தன் மருந்தை உதிர்ப்பதில்லை; வேரில் வைத்திருக்கிறது. அங்கே அந்த ஆறாமவன் என்ன செய்வான்?

இவ்வினா எனக்கு ஏட்டில் எழுந்ததன்று. ஒரு கோடையில் என் தந்தையார் நீர்க்கடுப்பால் துன்புற்றார். நன்னாரி வேர்க் குடிநீர் நல்லது என்றனர். காட்டெல்லைக்கு வெளியே ஓர் ஓடைக்கரையில் தேடினேன். நன்னாரி இலை ஒரே வடிவினதன்று. ஒரு கொடியில் ஈட்டிபோல் ஒடுங்கி நீண்டும், வேறொன்றில் அகன்றும் இருக்கும். நடுநரம்பை ஒட்டிய வெண்கீற்று, எதிரெதிராக அமைந்த இலைகள், கிள்ளினால் வடியும் பால் ஆகியவற்றைக் கொண்டே அறிதல் வேண்டும். அன்று இவற்றை அறியேன். மணத்தால் அறியலாம் என்றெண்ணி, பிடுங்கிப் பிடுங்கி முகர்ந்தேன். மூன்று கொடிகள் வேறெவையோ; நான்காவதே நன்னாரி. தந்தையார்க்குக் குணம் தெரிந்தது. அம்மூன்றும் கரையில் வாடிக் கிடந்தன.

இல்லறத்தார்க்கு ஓரறிவுயிரின் வதை முற்றும் விலக்கப்பட்டதன்று. ஆயினும், பயனின்றி மண்ணைத் தோண்டுவதையும் செடிகொடிகளை வெட்டுவதையும் சமந்தபத்திர ஆச்சாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்டத்துள் அடக்குகிறார். அதன் வழிவந்ததே நம் அருங்கலச்செப்பு. பயன் கருதித்தானே பறித்தோம் என்று என் மனம் வாதாடியது. அந்த வாதம் நான்காவது கொடிக்கே பொருந்தும். முதல் மூன்றும் என் அறியாமைக்குப் பலியானவை. தத்துவார்த்த சூத்திரம் உயிர் போனதை மட்டும் கொண்டு இம்சையை அளப்பதில்லை. கவனமின்மையை முன்வைத்தே இலக்கணம் வகுக்கிறது. இலையை அறியாமல் கையை நீட்டியதற்கு வேறென்ன பெயர்? எனவே செடியை இனங்காண்பதை வெறும் தாவரவியல் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. (அறியாமை செடியை மட்டும் கொல்வதுமன்று. செங்காந்தள் கிழங்கை உண்ணத்தகு கிழங்கென மயங்கி உண்டு மாண்டோரும் உளர்.)

நான்காவது கொடியின் வழக்கு எஞ்சி நிற்கிறது. காரியாசான் நம் சமயத்தவர். அவர் தம் அறநூலுக்கு இட்ட பெயர் சிறுபஞ்சமூலம்: கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்கள்! கந்தமூலம் விலக்கும் மரபில் வந்தவர் வேர்களையே அறத்திற்கு உவமையாக்கினார் எனின், பிணி தீர்க்கும் தேவையை அவர் மறுத்தாரல்லர் என்றே கொள்கிறேன். இதனை ஏற்காத பெரியோரும் நம்மிடையே உளர். அவர்களோடு வழக்காடும் துணிவு எனக்கில்லை.

பின்னொரு நாள் செண்பகத்தோப்புப் பக்கம் பளியர் முதியவர் ஒருவர் வேரெடுப்பதைக் கண்டேன். ஒருபுறம் மட்டும் அகழ்ந்து, பக்கவேர் ஒன்றை அறுத்துக்கொண்டு, தாய்வேரை மண்ணிட்டு மூடினார். ஏன் என்று கேட்டேன். "அடுத்த வருசத்துக்கும் வேணுமில்ல, சாமி" என்றார். கதையின் ஆறாமவன் அவரே எனக் கூறமாட்டேன். ஆனால் முதலாமவனுக்கும் அவருக்கும் உள்ள தொலைவு பெரிது. ஓடைக்கரையில் நான் முதலாமவனுக்கு அருகில் நின்றேன்.

நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் வேர்க்கட்டை எவர், எவ்வாறு அகழ்ந்தார் என்று கேட்பதுண்டா? மாகாளிக்கிழங்கு ஊறுகாய்க்காக வேரோடு அகழப்பட்டு, தென்னகக் காடுகளில் அருகி வருகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே எனின், விலை கொடுப்பவன் இரண்டாவதில் அடங்குவான். நோய்க்கு வேர் கொள்வதையும் நாவுக்கு ஊறுகாய் கொள்வதையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. கோடைக்கால நன்னாரி சர்பத்தையும் நாவின் கணக்கிலேயே எழுத வேண்டும். எழுதும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுப் பின்புறத்தில், தண்டுத் துண்டு நட்டு வளர்த்த நன்னாரி ஒன்று வேலியைப் பற்றிப் படர்ந்திருக்கிறது. மூன்றாண்டுகள் ஆயின. எவர்க்கும் நோயில்லை, இன்னும் அதைத் தோண்டவில்லை.