காரணந் தேராது பரிகாரஞ் செய்தல் தகுமா?

ஒரு பொருளிடத்துக் கேடு தோன்றியவழி, அதன் காரணத்தைத் தேர்ந்து தெளிந்த பின்னரே பரிகாரஞ் செய்தல் வேண்டுமா, அன்றி அறிகுறி மறைந்தொழிந்தால் அமையுமா என்பது ஆராயற்பாலதொரு வினா. இஃது அறிவுபற்றிய வினாப்போலத் தோன்றினும், பிறர் பொருள் ஒருவன் கையில் ஒப்புவிக்கப்பட்டவிடத்து அறம்பற்றிய வினாவேயாம். இதனை விளக்குதற்கு மோட்டார் வண்டியில் நிகழும் வெப்பக்கோளாறொன்று ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

நெடுஞ்சாலையில் இயல்பான வெப்பத்தோடு ஓடும் வண்டி, இரயில்வே கேட்டிலோ நெரிசல் மிக்க தெருவிலோ எஞ்சின் ஓடியவாறே நிற்குங்கால், வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகின்றது. மீண்டும் புறப்பட்டுச் சிறிது தூரஞ் சென்றபின் முள் இறங்குகின்றது. மிக உழைக்குங்கால் வாராத வெப்பம் குறைய உழைக்குங்கால் வருவதென்னை? இம்முரணே நோய்முதல் நாடுவார்க்கு வழிகாட்டுவது.

எஞ்சினுள் எழும் வெப்பத்தைச் சுற்றியோடும் நீர் கவர்ந்து ரேடியேட்டருக்குக் கொணர்கின்றது. ஆண்டுத் தகடுகளினூடு புகுங் காற்று அவ்வெப்பத்தை வாங்கிச் செல்கின்றது. வண்டி விரையுங்கால் எதிர்க்காற்றுத் தானே புகும்; நிற்குங்கால் விசிறியொன்றே அதனை ஈர்த்தல் வேண்டும். ஆகவே, ஓட்டத்தில் தணிந்து நிலையில் எழும் வெப்பத்திற்குக் காற்றின் குறைவே முதற்கண் ஐயுறற்பாலது. தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகியிருப்பின் ஓடுங்காலும் வெப்பம் மிகும். ரேடியேட்டரின் உட்குழல்கள் அடைபட்டிருப்பின் மேடேறும்போதும் விரையும்போதும் அது மிகுதியாய்ப் புலப்படும். காரணம் உள்வழிக் காரியம் உளதாதலும், இல்வழி இலதாதலும் ஆகிய இருவகையானும் ஒத்துநோக்குதலே கருதலளவைக்கு உயிராவது.

எனினும், கருதியது காட்சியான் உறுதிபெறல் வேண்டும். நீராவியைப் புகையென மயங்கி நெருப்புண்டென்பான் வழு இங்கும் நேரக்கூடும். எஞ்சின் நன்கு ஆறியபின் நீரளவை முதலில் நோக்குக. சூடாயிருக்குங்கால் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் எவ்வாற்றானும் ஆகாது. 100 டிகிரி செல்சியசிற் கொதிக்கும் நீர், மூடி காக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல மிகையழுத்தத்தால் 120 டிகிரி வரை கொதியாது நிற்கும். மூடி அகன்ற கணமே பீறிட்டெழுந்து முகத்தையும் கையையும் வேகச்செய்யும்.

நீர் குறைவின்றேல் விசிறியை நோக்குக. சூடேறிய பின்னும் மின்விசிறி சுழலாதாயின், அதன் மோட்டாருக்குப் பாட்டரியினின்று நேரே மின்சாரம் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். சுழன்றால் மோட்டார் நன்று; குற்றம் ப்யூசிலோ, ரிலேயிலோ, வெப்பமுணர் கருவியிலோ, கம்பியிலோ உளது. சுழலாதேல் குற்றம் மோட்டாரினதே. விசிறி செவ்வனே சுழன்றும் வெப்பம் எழுமாயின், ரேடியேட்டருக்கும் அதன்முன் உள்ள ஏ.சி. கண்டென்சருக்கும் இடையே அடைந்த தூசியும் சருகும், தேய்ந்த நீர்ப்பம்பு, உள்ளே சிக்கிய காற்று என்பன ஒவ்வொன்றாய் ஆராயப்படும். ஹெட் கேஸ்கெட் பழுதுற்று, எரிந்த வாயு நீரிற் கலத்தலும் உண்டு. முள்ளே பொய்யுரைத்தலும் உண்டாதலின், வேறொரு கருவியான் வெப்பத்தை அளந்து ஒப்பிடுதலும் நன்று.

இனி, அறத்தின் பகுதி நோக்கற்பாலது. வண்டி நிற்றல் கேட்டை ஆக்கிற்றன்று. ஓட்டத்திற் கரந்திருந்ததனைக் காட்டிற்று. பழுதுற்ற விசிறி காரகவேது. ஏறிய முள் ஞாபகவேது. ஞாபகவேதுவை அடக்குதல் காரகவேதுவைக் களைதலாகாது. வெப்பம் மிக்கதெனக் கேட்டமாத்திரையே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் தொழிலாளர் உளர். அதனால் இறந்த விசிறி உயிர்பெறாது. ஓடுங்கால் எஞ்சின் தனக்குரிய வெப்பத்தை எய்தாது எரிபொருளை மிகையாய் உண்ணும். வண்டியின் ஹீட்டரை முழுதும் திறந்து வெப்பத்தைத் தணித்தல் இடர்வந்தவிடத்து நல்லுபாயமே. அதனையே நாடோறும் கைக்கொள்ளுதல் நோயை மறைத்து வளர்த்தலாம். சிறியதொரு ரிலேயை மாற்றித் தீரவேண்டிய குற்றம், ஈற்றில் சிலிண்டர் ஹெட் கோணிப் பெருஞ்செலவாய் முடியும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படும். “வாடகை வண்டியோட்டி ஒருநாட் கூலியை இழந்து காத்திருக்கிறான். நூறு வண்டிகளைக் கண்ட தொழிலாளி, தன் பழக்கத்தால் ஓர் உறுப்பைக் குறித்து உடனே மாற்றுதலிற் பிழையென்னை?” என்பர். பழக்கம் இகழற்பாலதன்று, எங்கு முதலில் நோக்கவேண்டும் என்பதை அது சொல்லும். நோக்காமலே தீர்ப்புரைக்கும் உரிமையை அது தாராது. மேலும், ஊகம் பொய்த்தவழி ஊகித்தவன் இழப்பது சிறிது. கூலியும் காலமும் உறுப்பின் விலையும் ஒருங்கே இழப்பவன் வண்டியோட்டியே. விசிறிக்கு மின்சாரம் வருகின்றதா என்று காணச் சில நிமிடங்கள் அமையும். அச்சில நிமிடங்களை மிச்சப்படுத்திப் பிறன் ஒருநாட் கூலியைப் பணயம் வைத்தல் இரக்கமாகாது.

ஊகத்தை ஊகமென்றே கூறி, உடையவன் இசைவு பெற்றுச் செய்தலிற் குற்றமில்லை. ஊகத்தைத் துணிவென விற்றல் பொய். அப்பொய்க்கு விலையும் பெறுதல் களவு. “இன்னும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்பவன் தன் தொழிற்கு இழுக்குத் தேடினானல்லன். அதன் மதிப்பைக் காத்தவனே ஆவான். உடையவனுக்கும் ஒரு கடன் உண்டு. விரைவில் விடை வேண்டுமென்று அவன் நெருக்கின், தொழிலாளியைப் பொய்யின்பாற் செலுத்தியவனாவான்.

ஆதலின், காரணந் தேர்தல் அறிவுடைமை மாத்திரமன்று, நேர்மையுமாம். நோயாளியைத் தொடும் மருத்துவனுக்கும், வழக்கை ஆயும் நடுவனுக்கும், மாணாக்கன் குறையைக் கூறும் ஆசிரியனுக்கும் இந்நெறி ஒன்றே. பிறர் இழப்பைத் தன் இழப்பாக எண்ணுபவன், தேராது ஒன்றைத் துணியான் என்பது தெளியப்படும்.