மூணு எக்ஸெல்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். மூணு எக்ஸெல் என் மேசைக்குக் கட்டுக்கட்டாய் வரும். ஏற்றுமதிக்கு அது வெறும் அளவு; என் உடம்பில் ஏறினால் கேலி. யாராவது "பூசணி" என்பதற்குள் நானே சொல்லிச் சிரித்துவிடுவேன். தைரியம் என்றே நினைத்திருந்தேன்.

ஜூலி மர்ஃபியின் 'டம்ப்ளின்' (2015) நாவலைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் படித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். டெக்சாஸ் பெண் வில்லோடீன் தன்னைக் குண்டு என்றே சொல்லிக்கொள்கிறாள். இளைக்காமலே அழகிப்போட்டிக்குப் போகிறாள். போட்டியை நடத்தும் அம்மா வைத்த செல்லப்பெயர்தான் தலைப்பு. (செல்லமும் குத்தும்.) பிடித்தவன் தொடும்போது அவளுக்கும் உடம்பு கூசுகிறது, அதனால்தான் அவளை நம்பினேன். ஆனால் அவள் சொல்லில் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. என் சிரிப்போ அடி விழுமுன் குனிந்துகொள்வது.

நேற்று லைனில் ஓர் அக்கா, "ஏங்கண்ணு, பூசணி இன்னைக்குச் சிரிக்கலையா?" என்றார்.

"மூணு எக்ஸெல்லுங்க்கா" என்றுவிட்டு அடுத்த பீஸை எடுத்தேன்.