கண் பெற்றவர் கடமை



இன்று காலை கண் விழித்ததும் நீங்கள் முதன்முதலாகப் பார்த்தது எது? சற்று நினைத்துப் பாருங்கள். சுவர்க் கடிகாரமா, ஜன்னலா, பக்கத்தில் உறங்கும் குழந்தையின் முகமா? நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவிராது. பார்த்தோம் என்பது நிச்சயம்; எதைப் பார்த்தோம் என்பதுதான் தெரியவில்லை.

கண் எல்லாவற்றையும் காண்கிறது. தன்னை மட்டும் காண்பதில்லை. அதனாலோ என்னவோ, அதை உடையவனும் அதை நினைப்பதில்லை. பத்து ரூபாய் தொலைந்தால் வீடு முழுதும் தேடுகிறோம். பார்வையோ நாள்தோறும் கேளாமலே கிடைக்கிறது. ஆகையால் அதைக் கொடை என்று எண்ணாமல் நம் சொத்து என்று எண்ணிவிடுகிறோம்.

மற்றப் புலன்களின் கதியும் இதுவே. 2020-ம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது பலர் முகரும் சக்தியை இழந்தார்கள். காப்பி வெந்நீர் போலிருந்தது. கடுகு தாளிக்கும் மணம் வரவில்லை. அடுப்பில் பால் தீய்ந்ததும் தெரியவில்லை. உணவின் ருசியில் பெரும்பங்கு மூக்கிலே இருக்கிறது என்பதை அநேகர் அன்றுதான் அறிந்தார்கள். நோய் நீங்கி மறுபடி மல்லிகை மணத்தபோது எவ்வளவு சந்தோஷம்! ஆனால் அந்த நன்றி எத்தனை நாள் நிலைத்தது? ஒரு வாரம் இருக்கலாம். பிறகு பழையபடி, வேறெதையோ பேசிக்கொண்டே காப்பியைக் குடித்து முடித்தோம்.

அப்படியானால், இழந்தால்தான் அருமை தெரியுமா? நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆயினும் வெயிலில் நிற்பவர் நாமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பக்கத்தில் ஒருவர் வெயிலில் வாடுவதைப் பார்த்தும் நிழலின் அருமையை அறியலாம். பார்த்தால்!

நான் பார்க்கவில்லை. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார், "விளக்கு மங்கலாயிருக்கிறதப்பா" என்றார்கள். வேறு பல்பு வாங்கிப் போட்டேன். ஒரு மாதம் சென்று மறுபடியும் அதையே சொன்னார்கள். இன்னும் பிரகாசமானதாய் ஒன்று போட்டேன். அரிசியில் கல் பொறுக்குவதை விட்டார்கள், வயதாகிவிட்டது என்றேன். ஜெபப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஜெபமாலையை மட்டும் உருட்டினார்கள். பக்தி மிகுந்துவிட்டது என்று எண்ணினேன். கோவில் வாசலில் பழகினவர்களோடு பேசாமல் கடந்து போனார்கள். யாரோடோ மனத்தாங்கல் போலும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றிற்கும் காரணம் கண்புரை. படியில் தடுக்கி விழுந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைத்தார்கள். அரைமணி நேர வேலைகூட இல்லை. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் அம்மா என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "என்னப்பா, தலை இப்படி நரைத்துப் போச்சே! எப்போதிலிருந்து?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். கண் மங்கியதால் அவர்கள் என் முகத்தைக் காணவில்லை. இரு கண்ணும் நன்றாயிருந்தும் நான் அவர்கள் முகத்தைக் காணவில்லை. எங்கள் இருவரில் குருடர் யார்?

பார்வையற்ற ஒருவரைக் கண்டால் "ஐயோ, பாவம்" என்கிறோம். நமக்கு அந்தக் கதி இல்லையே என்று மகிழ்கிறோம். அதை நன்றி என்று சொல்லலாகாது. பிறர் குறையைக் கொண்டு நம் நிறைவை அளப்பது அது. கண்ணைத் தந்த ஆண்டவருக்குக் காலை ஜெபத்தில் நன்றி சொல்வது நல்லதே. ஆனால் அந்தக் கண்ணால் அயலானைப் பார்க்கும்போதுதான் நன்றி முழுமை பெறுகிறது. கரும்பலகை தெரியாமல் மக்கு என்று பெயர் வாங்கும் பிள்ளைக்கு வேண்டியது பிரம்பா, மூக்குக் கண்ணாடியா? காது மந்தமானதால் வீட்டுப் பேச்சில் சேராமல் திண்ணையில் ஒதுங்கியிருக்கும் தாத்தாவை யார் கவனிப்பது?

இதற்கும் ஒருபடி மேலே சென்றவர் ஒருவர் உண்டு. இத்தாலி நாட்டுக் குருவானவர் கார்லோ ஞோக்கி, இரண்டாம் உலகப் போரில் வீரர்களோடு ருஷ்யப் போர்முனைக்குச் சென்றவர். பின்பு போரில் ஊனமுற்ற குழந்தைகளுக்கு இல்லங்கள் நடத்தியவர். 1956-ம் ஆண்டு பெப்ருவரி 28-ம் நாள் மிலான் நகரில் இறந்தார். தம் கருவிழிகளைப் பார்வையற்ற இருவருக்குக் கொடுக்கும்படி சாகுமுன்னே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கென்று அந்நாட்டில் அப்போது சட்டம்கூட இல்லை. ஆயினும் அவர் விருப்பம் நிறைவேறியது. ஒரு சிறுவனும் ஓர் இளம்பெண்ணும் பார்வை பெற்றார்கள். அதே ஆண்டு மே மாதத்தில், பாப்பரசர் 12-ம் பத்திநாதர் கருவிழி கொடுப்போர் சங்கத்தாரிடம் பேசுகையில், இறந்தவரின் கருவிழியை இவ்வாறு எடுப்பது அறநெறிக்கு மாறானதன்று என்று விளக்கினார். 2009-ம் ஆண்டில் ஞோக்கி முத்திப்பேறு பெற்றவர்களின் வரிசையில் சேர்க்கப்பட்டார்.

நம் வீடுகளில் இன்னும் தயக்கம் இருக்கிறது. முகம் விகாரமாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். ஆகாது. செய்யவேண்டியதும் சிறிதே. மரணம் நேர்ந்ததும் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குச் சொல்லவேண்டும். ஆறு மணி நேரத்திற்குள் கண்கள் எடுக்கப்படவேண்டும். குடும்பத்தார் சம்மதமும் தேவை. துக்க வீட்டில் அந்த நேரத்தில் யாருக்கும் யோசனை வராது. ஆகவே முன்னரே பேசிவைப்பது நலம்.

இதை நான் சொன்னபோது அம்மா சிரித்தார்கள். "புரை எடுத்த கண்ணை யாரப்பா வாங்குவார்?" என்றார்கள். புரை எடுத்தவரும் கண்ணாடி அணிந்தவரும்கூடக் கொடுக்கலாம் என்றேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் என் பெயரை எழுதிக்கொள். உன் பெயரையும் எழுது" என்றார்கள். எழுதினோம்.

இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும், விளக்கை அணைக்குமுன் சுற்றியிருக்கும் முகங்களை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வீட்டில் யாராவது "விளக்கு மங்கலாயிருக்கிறது" என்றால், தயவுசெய்து பல்பு வாங்கப் போகாதீர்கள்.