காணாத எண்ணெயும் கண்ட கடலும்

எவரும் காணாத ஒன்றை அளந்து சொல்லுதல் அறிவின் துணிவா, ஆசையின் கணக்கா? இக்கேள்வி விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று. அக்கணக்கின் விளைவைச் சுமக்கப்போகும் மக்களுக்கும் உரியது.

வடதுருவ வட்டத்துக்கு அப்பால் இனிக் கண்டுபிடிக்கப்படக்கூடிய எண்ணெய் ஏறக்குறைய 9,000 கோடிப் பீப்பாய் என்று 2008ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க மண்ணியல் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அது துளையிட்டுக் கண்ட கணக்கன்று. பாறைப் படிவுகளைப் பிற எண்ணெய் வயல்களோடு ஒப்பிட்டு, நிகழ்தகவு முறையாற் பெற்ற கணக்கு. எடுப்பதற்காகும் செலவு அதிற் சேரவில்லை. கடற்பனி தடையாகாது என்றும் கொள்ளப்பட்டது. இவற்றை அந்நிறுவனம் மறைக்கவில்லை. ஆயினும் அறிக்கையை விட்டு இலக்கம் வெளியேறும்போது நிபந்தனைகள் பின்தங்கிவிடுகின்றன. 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகிறது. 'இருக்கிறது' என்பது 'எமது' ஆகிறது.

துருவம் தொலைவில் இருக்கிறது. மன்னார் நம் வாசலில் இருக்கிறது. 1970களில் சோவியத் நிபுணர்களின் உதவியோடு பேசாலையில் துளையிட்டார்கள், எண்ணெய் அகப்படவில்லை. 2011இல் மன்னார்க் கடற்படுகையில் கெயர்ன் நிறுவனம் தோண்டிய மூன்று கிணறுகளில் இரண்டில் வாயு தென்பட்டது. பின்னர் அந்நிறுவனம் விலகிற்று. அவ்வாயு இன்றுவரை ஓர் அடுப்பையும் எரிக்கவில்லை. ஆனால், நாட்டின் கடனெல்லாம் அதனால் தீரும் என்ற பேச்சு மேடையேறிவிட்டது.

மதிப்பிடுவதே பிழையென்று நாம் கூறவில்லை. பூத்த மாமரத்தைப் பார்த்துக் குத்தகை பேசுகிறவனும் மதிப்பிடுகிறான். மரம் பொய்த்தால் நட்டம் அவனுடையது. ஆகவே அடக்கமாகக் கணிக்கிறான். எண்ணெய்க் கணக்கில் இந்த நீதி இல்லை. கணக்குப் பொய்த்தால் கம்பெனி வேறு கடல் தேடிப் போகும். கணக்கு மெய்யாகி, கடலில் விபத்தொன்றும் நேர்ந்தால், பேசாலை மீனவன் எங்கே போவான்?

மேலும், இருப்பதை அறிந்த மாத்திரத்தே எடுக்கும் உரிமை பிறந்துவிடுமா? ஆறில்லாத யாழ்ப்பாணத்திற் சுண்ணக்கல் தேக்கிவைக்கும் நீரை நம்பி வாழ்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கிணறு உவராகும் என்பது நம் தோட்டக்காரன் அறிந்த பாடம். தென்துருவம் பற்றி 1991இல் மட்ரிட் நகரிற் செய்துகொண்ட உடன்படிக்கையும் ஏறத்தாழ இதையே கூறுகிறது: அங்கே ஆராயலாம், கனிவளத்தை அகழலாகாது. அறிதலும் உடைமையாக்கலும் ஒன்றல்ல என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டன.

வறிய நாடு தன் வளத்தைத் தேடலாகாது என்பது நம் வாதமன்று. தேடட்டும். ஆனால் மதிப்பீட்டின் மேலெல்லையோடு கீழெல்லையையும், அது பொய்த்தால் இழப்பவர் யார் என்பதையும் மக்கள்முன் வைத்துவிட்டுத் தேடட்டும். பிழையின் விலையைக் கொடுக்கப்போகிறவர்களைக் கேளாமல் எடுக்கும் முடிவு, கணக்கிற் சரியாயினும் அறத்திற் சரியாகாது.